ஆர்எக்ஸ் 100: இரண்டாவது கியர் எகிறுகிறது, வீட்டிலேயே கியர் பாக்ஸ் பிரிக்கலாமா?

ஏற்காடு_ரோடு (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1991-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. என்ஜின் நன்றாக இழுக்கிறது, புகையும் அளவாகத்தான். பிரச்சினை ஒன்றே ஒன்று. இரண்டாவது கியரில் பாரம் ஏறும்போது 'டக்'கென்று எகிறி வெளியே வந்துவிடுகிறது. சமவெளியில் மெதுவாகப் போனால் வராது. ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரைத் திருகினால் கட்டாயம் வரும். வளைவின் நடுவில் வண்டி இழுவை விட்டுப்போவது பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். முதலில் கிளட்ச் பிளேட் மாற்றினார்கள், பிறகு கியர் லீவர் மாற்றினார்கள். இப்போது "கியர் செட் மொத்தமாப் போடணும், என்ஜினை விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நான் ஒரு மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பேரிங் இறக்கி ஏற்றும் வேலை தெரியும், வெர்னியர் பிடிக்கத் தெரியும். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினைப் பிரித்ததில்லை. வீட்டுத் திண்ணையில் இதைச் செய்ய முடியுமா? என்னென்ன கருவி வேண்டும்?

---

லேத்_மணி (கோயம்புத்தூர்)

முடியும் தம்பி. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

கியர் எகிறும்போது லீவரும் காலடியில் நகர்கிறதா, இல்லை லீவர் அப்படியே இருக்க இழுவை மட்டும் போகிறதா? ஆக்சிலேட்டரைத் திருகும்போது எகிறுகிறதா, விடும்போதா? மற்ற கியர்கள் எப்படி? கியர் மாற்றும்போது லீவர் தானாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறதா? வடித்த ஆயிலில் இரும்புத் துணுக்கு வந்ததா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. கியர் எகிறினால் உடனே "கியர் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே ஷிஃப்ட் டிரம்மை (கியர் மாற்றும் உருளையை) ஒவ்வொரு கியரிலும் பிடித்து நிறுத்தும் ஸ்டாப்பர் லீவர் ஒன்று இருக்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும், ரோலர் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அது கிளட்ச் பக்கத்து மூடிக்குப் பின்னால் இருக்கிறது. என்ஜினை இறக்கவே வேண்டாம், கேஸை (இரண்டு பாதியாக இருக்கும் என்ஜின் கூட்டை) பிரிக்கவும் வேண்டாம். கவரைக் கழற்றி, கிளட்ச்சை எடுத்தால் பார்த்துவிடலாம். சிறிய ஸ்பிரிங் செலவில் முடிகிற வேலைக்கு முழு என்ஜினைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

ஏற்காடு_ரோடு

நன்றி அண்ணே. லீவரும் சேர்ந்து நகர்கிறது, ஷூவில் நன்றாகத் தெரிகிறது. திருகும்போது மட்டும்தான். ஒன்று, மூன்று, நான்கு எல்லாம் சரி. லீவர் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தேன். சாம்பல் நிறம், மின்னுகிற தூள் கொஞ்சம் அதிகம். பெரிய துணுக்கு இல்லை.

---

இரும்புக்குதிரை (சென்னை)

நான் புல்லட்காரன், ஆர்எக்ஸ் பற்றி மணி அண்ணன் சொல்வதே சரி. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒன்று சேர்க்க வேண்டும். வீட்டில் கியர் பாக்ஸ் கட்டுவது நம் ஊரில் பழைய பழக்கம். அதற்கு வழிகாட்டியது பழைய புல்லட்தான்.

1955-இல் சென்னையில் புல்லட் செய்யத் தொடங்கியபோது கூடவே வந்தது ஆல்பியன் நான்கு கியர் பெட்டி. பர்மிங்காமில் இருந்த கம்பெனியின் வடிவமைப்பு. வலது காலில் கியர், முதல் கியர் மேலே, மற்றவை கீழே. எந்தக் கியரிலிருந்தும், முதல் கியர் தவிர, குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வர தனி லீவர். இந்தப் பெட்டி என்ஜினுக்குள் இல்லை, என்ஜினின் பின்னால் ஸ்டட்டில் முடுக்கிய தனிப் பெட்டி. வலப்பக்கத்து இரண்டு மூடிகளைக் கழற்றினால், என்ஜின் ஃபிரேமில் இருக்கும்போதே கியர்கள் கைக்கு வந்துவிடும். ஸ்லீவ் கியரையோ அதன் பேரிங்கையோ தொட வேண்டும் என்றால்தான் இடப்பக்கம் பிரைமரி செயின், கிளட்ச் எல்லாம் இறக்க வேண்டும். கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டை) தொடாமலேயே முடிகிற வேலை.

அந்தப் பெட்டியிலும் கியர் நழுவும், இரண்டு கியருக்கு நடுவே பொய் நியூட்ரல் விழும். அனுபவமுள்ளவர் முதலில் பார்ப்பது மூடிக்கு வெளியே இருக்கும் அட்ஜஸ்டர் பிளேட்டை. போல்ட்டைத் தளர்த்தி அந்தத் தகட்டைச் சற்று நகர்த்தினாலே லீவரின் மேல் ஓட்டமும் கீழ் ஓட்டமும் சமமாகி, பாதி வண்டிகளுக்குச் சரியாகிவிடும்.

ஆர்எக்ஸில் அந்தச் சலுகை இல்லை. கியரும் கிராங்கும் ஒரே கேஸில். கியரைத் தொட வேண்டும் என்றால் ஹெட், போர் (சிலிண்டர்), பிஸ்டன், மேக்னெட், கிளட்ச் எல்லாம் போய், கேஸ் நெடுக்காக இரண்டாகப் பிரிய வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

---

பேட்டர்ஸ்ரோடு_ஸ்பேர்ஸ் (சென்னை)

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஸ்பேர் கடையில் இருக்கிறவன். வீட்டில் பிரித்துவிட்டு, சாக்குப்பையில் என்ஜினைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று தெரியாது, கேஸ் முகத்தில் ஸ்க்ரூ டிரைவர் பள்ளம். அந்தப் பள்ளம் விழுந்த கேஸை எந்தப் பசையும் காப்பாற்றாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே பம்ப் மாதிரி வேலை செய்கிறது. காற்று கசிந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். கியருக்காகப் பிரித்து போரையும் இழந்தவர்கள் உண்டு. நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

---

பட்டறைக்காரி (மதுரை)

பேட்டர்ஸ்ரோடு அண்ணன் சொல்கிற ஆபத்து உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு வேலையைத் தள்ளிவிடுவது இல்லை, சரியான கருவியோடு செய்வது. நான் அப்பாவின் பட்டறையில் டூ ஸ்ட்ரோக் என்ஜின் கட்டி வளர்ந்தவள். அவசரம் இல்லாத வீட்டில் அளந்து, படம் எடுத்து, துடைத்துச் செய்யலாம். சனிக்கிழமை சாயங்காலம் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும் பட்டறையில் அது நடக்காது.

கருவிகள்: மேக்னெட் புல்லர் (இந்த வண்டிக்கென்றே விற்கும், மூன்று கால் புல்லரை மேக்னெட்டில் போடாதீர்கள்), சர்க்ளிப் (ஷாஃப்டில் கியரை நகராமல் நிறுத்தும் வளையம்) கழற்றும் பிளையர் உள் வெளி இரண்டும், இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர், டார்க் ரெஞ்ச், கேஸ் பிரிக்கும் புல்லர், ஃபீலர் கேஜ், வெர்னியர். கேஸின் நட்சத்திர ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவு கொண்டவை. சாதாரண டிரைவர் அதில் சரியாக உட்காராது, தலை நசுங்கும். இம்பாக்ட் டிரைவரை அழுத்தி வைத்து ஒரே அடி. கிளட்ச் நட்டைக் கழற்ற கிளட்ச்சைப் பிடிக்கும் கருவி வேண்டும். பழைய பிரிக்‌ஷன் பிளேட்டையும் ஸ்டீல் பிளேட்டையும் சேர்த்து ஒரு கைப்பிடியோடு வெல்டு வைத்தால் அதுவே போதும்.

கேஸ் பிரியும்போது இரண்டு முகங்களுக்கு நடுவே எதையும் நுழைக்கக் கூடாது. புல்லரை மெல்ல இறுக்கிக்கொண்டே பிளாஸ்டிக் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் நின்றால், அங்கே கழற்றாத ஒரு ஸ்க்ரூ இருக்கும், அல்லது டவல் பின் பிடித்திருக்கும். நிறுத்திவிட்டுத் தேடுங்கள். கிராங்க் முனையில் இரும்புச் சுத்தி படவே கூடாது. அது அழுத்திச் சேர்த்த கிராங்க், ஒரு அடியில் நேர்கோடு போய்விடும். கிராங்க் ஒரு பாதியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அப்படியே விடுங்கள்.

ஷாஃப்டுகளை எடுத்ததும் கியர், வாஷர், சர்க்ளிப் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே கம்பியில் கோர்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதும் முக்கியம். படம் எடுங்கள். படம் மட்டும் போதாது, வாஷரின் தடிமன் படத்தில் தெரியாது.

---

ஏற்காடு_ரோடு

அக்கா, இவ்வளவு விளக்கத்துக்கு மிக்க நன்றி. இந்த வாரம் கிளட்ச் கவரை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஸ்டாப்பர் லீவரின் ரோலர் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்பிரிங்கைப் புதிது வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீளத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் புதியதைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எகிறுவது நிற்கவில்லை. ஆகவே என்ஜினை இறக்கப் போகிறேன்.

---

லேத்_மணி

சரி, இப்போது காரணத்தைப் பேசலாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கியர் மாற்றும்போது பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லா ஜோடிகளும் எப்போதும் கோர்த்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கியர் ஷாஃப்டில் சும்மா சுழலும். அதன் பக்கவாட்டில் தடித்த கட்டைகள் இருக்கும், அதுதான் டாக். பக்கத்துக் கியர் ஸ்ப்ளைனில் (ஷாஃப்டின் நீளவாட்டு மேடு பள்ளத்தில்) நகர்ந்து வந்து தன் டாக்கை அதில் கோர்த்ததும், சும்மா சுழன்ற கியர் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்ளும். நகர்த்துவது ஃபோர்க் என்ற கவை. ஃபோர்க்கை நகர்த்துவது டிரம்மில் வெட்டிய பள்ளம்.

டாக்கின் மூலை கூர்மையாக இருக்கும்வரை பாரம் ஏறினாலும் கோர்ப்பு விடாது. வருடக்கணக்கில் பாதி கியரில் மிதித்து, கிளட்ச் பிடிக்காமல் மாற்றி, மூலை மழுங்கிப்போனால், திருகுகிற ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவு இரண்டு கியரையும் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது ஃபோர்க்கின் நுனி. உராய்ந்து சூடாகி நீலம் பாயும், தேயும், வளையும். ஃபோர்க் வளைந்தால் டாக் முழுதாகக் கோர்க்காது, கோர்க்காததால் இன்னும் வேகமாக மழுங்கும். ஒன்று மற்றதைக் கெடுக்கிற சுற்று இது. அதனால்தான் கியரை மட்டும் மாற்றி ஃபோர்க்கை விட்டவருக்கும், ஃபோர்க்கை மட்டும் மாற்றி கியரை விட்டவருக்கும் கொஞ்ச நாளில் மறுபடியும் எகிறும்.

நீங்கள் சொன்னது திருகும்போது மட்டும் என்பது. ஆகவே டாக்கின் இழுக்கும் பக்கத்து முகத்தைப் பாருங்கள். விடும்போது பாரம் ஏறும் பக்கம் நன்றாகவே இருக்கக்கூடும். இரண்டையும் விளக்கொளியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

ஏற்காடு_ரோடு

பிரித்துவிட்டேன். கேஸ் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அக்கா சொன்னபடி ஒரு இடத்தில் நின்றது, தேடினால் அழுக்கு அடைத்து மூடியிருந்த ஸ்க்ரூ ஒன்று.

பார்த்தவை:

இரண்டாவது கியரின் டாக்குகளில் இழுக்கும் பக்கம் மூலை மழுங்கி, நகம் நழுவுகிறது. மறுபக்கம் கூர்மை. அதோடு கோர்க்கும் நகரும் கியரிலும் அதே பக்கம் அதே தேய்மானம்.

அந்தக் கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் ஒரு நுனி நீலம் பாய்ந்திருக்கிறது. மற்ற ஃபோர்க்கோடு ஒப்பிட்டால் வெர்னியரில் அரை மி.மீ. குறைவு. கண்ணாடிப் பலகையில் வைத்தால் லேசாக ஆடுகிறது.

டிரம் பள்ளம் வழவழப்பாக இருக்கிறது.

இன்னொன்று. இரண்டாவது கியருக்குப் பக்கத்துச் சர்க்ளிப் விரிந்து தளர்ந்திருந்தது, விரலால் பள்ளத்தில் சுற்ற முடிகிறது. அதன் மழுங்கிய ஓரம் வெளியே பார்த்து இருந்தது. பல வருடம் முன்னால் கிராங்க் வேலைக்காக ஒரு பட்டறையில் பிரித்ததாக அப்பா சொல்கிறார். அப்போது பழைய சர்க்ளிப்பையே திருப்பிப் போட்டிருப்பார்களோ?

---

பட்டறைக்காரி

அப்படித்தான் தெரிகிறது தம்பி. சர்க்ளிப் தகட்டிலிருந்து வெட்டி எடுப்பது. ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் உருண்டும் இருக்கும். உருண்ட பக்கம்தான் கியரையும் வாஷரையும் பார்க்க வேண்டும். கூர் ஓரம் எதிர்ப்பக்கம், பள்ளத்தின் சுவரில் அமர வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டுத் தள்ளலில் பள்ளத்தை விட்டு ஏறாது. திருப்பிப் போட்டால் உருண்ட ஓரம் சுவரில் ஏறிக்கொண்டே போகும். ஒரு முறை விரித்த சர்க்ளிப்பை மறுபடி போடவே கூடாது. கியர் பாக்ஸில் மிக மலிவான பொருள் அது.

போடும்போது ஷாஃப்டில் ஏறும் அளவுக்கு மட்டும் விரியுங்கள். அதன் வாய் ஸ்ப்ளைனின் பள்ளத்துக்கு நேராக, இரண்டு முனைகளும் மேட்டில் உட்கார வேண்டும். கடைசியில் விரலால் சுற்றிப் பார்த்தால் பள்ளத்தில் முழுதாக இறங்கியதா என்பது தெரிந்துவிடும்.

---

பேட்டர்ஸ்ரோடு_ஸ்பேர்ஸ்

கேஸ் முகத்தில் கீறல் இல்லாமல் பிரித்ததற்கே வாழ்த்துகள் தம்பி. முன்னால் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஸ்பேர் விஷயம். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. பழைய கையிருப்பு ஒரிஜினல் கியர் எப்போதாவது கிடைக்கும், விலை ஏறித்தான் இருக்கும். மற்றபடி சந்தையில் இருப்பது வெவ்வேறு தரமுள்ள மாற்றுத் தயாரிப்புகள். பெட்டியை நம்பாதீர்கள், போலிப் பெட்டி அச்சடிப்பது எளிது. பழைய கியரைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணுங்கள். டாக்கின் உயரத்தை அளவெடுங்கள். பழைய ஷாஃப்டில் போட்டு ஆட்டிப் பாருங்கள். ஃபைலை டாக்கின் ஓரத்தில் லேசாக இழுத்தால் வழுக்க வேண்டும், கடித்தால் கடினப்படுத்தல் சரியில்லை. கடைக்காரர் அனுமதிக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

புதுப்பேட்டையில் பழைய என்ஜின் கியரும் கிடைக்கும். அதில் ஒரே நிபந்தனை, ஜோடியாக வாங்குங்கள். ஆனால் "கேஸோடு சேர்த்து எடுத்துக்கோ" என்றால் வேண்டாம். என்ஜின் எண் கேஸில்தான் அடித்திருக்கிறது. வேறு எண்ணுள்ள கேஸைப் போட்டால் ஆர்சி புத்தகத்தோடு பொருந்தாது. அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

---

கிராமத்து_ரைடர் (தேனி)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். புதுக் கியர் எதற்கு? எங்கள் ஊரில் டாக்கை கிரைண்டரில் தேய்த்து மூலை எடுத்துக் கொடுக்கிறார்கள். ரேஸ் வண்டிக்கும் அப்படித்தானே செய்கிறார்கள்?

---

லேத்_மணி

இரண்டும் ஒன்றல்ல நண்பரே. ரேஸ் வண்டிக்குச் செய்வது அண்டர்கட். டாக்கின் முகத்தைச் சில டிகிரி உள்பக்கம் சாய்த்து வெட்டுவது, பெரும்பாலும் 3 முதல் 5 வரை. அப்போது பாரம் ஏற ஏற இரண்டு கியரும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை இண்டெக்ஸிங் செய்து (கியரைச் சம கோணத்தில் திருப்பித் திருப்பி நிறுத்தி), ஒரு கியரின் எல்லா டாக்கும் ஒரே அளவில் இருக்கும்படி, குளிர்விக்கும் திரவத்தோடு கிரைண்டிங் மெஷினில் செய்ய வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் ஒரு டாக் உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும். மொத்தப் பாரமும் ஒரே டாக்கில் விழும், அது உடையும். உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே போனால் கேஸே பிளக்கலாம்.

அதோடு கியர் மேலோட்டமாகக் கடினப்படுத்தப்பட்ட இரும்பு. அந்தக் கடினத் தோல் மிக மெல்லியது. மழுங்கிய மூலை போகும் அளவுக்குத் தேய்த்தால் தோலும் போய்விடும், உள்ளே இருப்பது மென்மை. லேசான தேய்மானத்துக்கு அண்டர்கட் நல்ல வழி, நானே செய்து கொடுக்கிறேன். நகம் வழுக்கும் அளவுக்கு மழுங்கியிருந்தால் ஜோடியாகப் புதிது, கூடவே புது ஃபோர்க். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தக் கூடாது, அதற்கும் கடினத் தோல்தான்.

---

ஏற்காடு_ரோடு

ஈரோட்டில் ஒரு பழைய கடையில் ஜோடி கிடைத்தது, ஃபோர்க்கும் கிடைத்தது. ஃபைல் சோதனையும் செய்தேன், வழுக்கியது. பேரிங்குகளையும் மாற்றப் போகிறேன், எல்லா ஆயில் சீலும் வாங்கிவிட்டேன். பேரிங் ஏற்றுவது எனக்குப் பழக்கமான வேலை: கேஸை மின் அடுப்பில் சமமாகச் சூடாக்கி, பேரிங்கை ஃபிரீசரில் வைத்து இறக்கிவிடுவேன். கேஸ் மூடுவதில்தான் சந்தேகம். என்ன பசை, எவ்வளவு?

---

பட்டறைக்காரி

சூடு நூறு டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவு போதும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பேரிங் தன் எடையிலேயே இறங்கும். கிராங்க் பேரிங் வாங்கினால் சி3 என்று குறித்ததா என்று பாருங்கள். சூட்டில் விரிவதற்கு உள்ளே கூடுதல் இடைவெளி அதில்தான் உண்டு.

பசைக்கு முன்னால் உலர் பொருத்தம். இதைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். ஷாஃப்ட், ஃபோர்க், டிரம் எல்லாம் போட்டு, பசை இல்லாமல் இரண்டு பாதியையும் சேர்த்துச் சில ஸ்க்ரூ மட்டும் முடுக்குங்கள். ஒரு கையால் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே மறுகையால் டிரம்மைத் திருப்பி ஒவ்வொரு கியராகப் போடுங்கள். சுற்றாமல் போட்டால் டாக் டாக்கின் தலையில் முட்டி நிற்கும், கியர் விழாது. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கியர் ஏற ஏற, அவுட்புட் ஷாஃப்ட் ஒரு சுற்று வர இன்புட்டைச் சுற்ற வேண்டிய சுற்று குறைந்துகொண்டே வர வேண்டும். நியூட்ரலில் இரண்டும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு ஷாஃப்டையும் உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள், நூல் அளவு ஆட்டம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி என்றால் பிரித்து, முகங்களை தின்னரால் துடைத்து, அனாபாண்ட் பசை மெல்லிய படலமாக ஒரு பக்கம் மட்டும். பழைய மெக்கானிக்குகள் ஷெல்லாக் போடுவார்கள், அதுவும் பிடிக்கும், ஆனால் அடுத்த முறை பிரிப்பது கஷ்டம். வெளியே மயிரிழை பிதுங்கினால் போதும். கிராங்க் அறைக்குள் பிதுங்கினால் துடைத்துவிடுங்கள். ஸ்க்ரூவை நடுவிலிருந்து வெளிப்பக்கம், குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில்.

---

ஏற்காடு_ரோடு

உலர் பொருத்தத்தில் எல்லா கியரும் விழுந்தன. ஆனால் பசை போட்டு முழுதாக முடுக்கியதும் கிராங்க் இறுக்கமாகிவிட்டது. கையால் சுற்றினால் கனமாக இருக்கிறது. கியர் ஷாஃப்டுகள் லேசாகத்தான் சுற்றுகின்றன. பசை காயும் முன் பிரித்துவிடவா?

---

லேத்_மணி

பிரிக்க வேண்டாம். முடுக்கும்போது கிராங்க் ஒரு பக்கம் இழுபட்டு, பேரிங்கில் பக்கவாட்டு அழுத்தம் ஏறியிருக்கும். மேக்னெட் பக்க முனையில் நட்டைத் திருகி, தாமிரத் துண்டு அல்லது கட்டையை வைத்து, ரப்பர் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. பிறகு மறுமுனையில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் பின் சுற்றிப் பாருங்கள்.

---

ஏற்காடு_ரோடு

விட்டுவிட்டது அண்ணே! இரண்டு பக்கமும் தட்டியதும் கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) தன் எடையிலேயே கீழே விழுகிறது. மிக்க நன்றி.

---

பட்டறைக்காரி

அருமை. போர், பிஸ்டன் ஏற்றியதும் ஃபிரேமில் தூக்கி வைக்கும் முன் கசிவுச் சோதனை செய்துவிடுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்து, ஒரு பக்கம் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பும் டயலும் இதற்கு அருமையாக உதவும். டயலில் 250 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீலின் உதடு திரும்பிவிடும். முள் சில நிமிடம் அசையாமல் நின்றால் என்ஜின் தயார். இறங்கினால் சோப்பு நீரைத் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள்.

மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், ஐடிலிங் தானாக ஏறும், என்ஜின் சூடாகும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை என்ஜின் குடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், ஆயில் மட்டம் குறையும்.

---

ஏற்காடு_ரோடு

சோதனையில் முதலில் முள் மெதுவாக இறங்கியது. குமிழி வந்தது சீலில் இல்லை, போரின் அடி பேக்கிங்கில். புது பேக்கிங் போட்டு, போரைக் குறுக்கு வரிசையில் முடுக்கியதும் நின்றது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவுக்கு அவர்கள் கருவியைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலை ஏற்காடு போனேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவதில் திருகினேன். ஒரு முறைகூட எகிறவில்லை. அப்பாவும் மேலே ஏரி வரை வேறு வண்டியில் வந்து, திரும்பும்போது இதை அவரே ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

கடைசியாக ஒரு கேள்வி. கியர் ஆயில் எப்போது மாற்ற வேண்டும்? டூ ஸ்ட்ரோக் என்பதால் எந்த ஆயில்?

---

லேத்_மணி

ரொம்ப சந்தோஷம் தம்பி. கியர் பக்கத்துக்கு நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலே சரி, 20டபிள்யூ40, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம், கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் வழுக்கும். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2டி பம்ப் இன்னும் வண்டியில் இருந்தால் அதில் காற்று போக வடித்தீர்களா என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுக் கியர் ஒன்றோடொன்று படியும்வரை தூள் வரத்தான் செய்யும். முதல் ஆயிலை 300 கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள், அடுத்ததை 1000-இல். வடிக்கும் பிளக்கில் சிறிய காந்தம் ஒட்டியிருந்தால் நல்லது. களிம்பு போல மென்மையான சாம்பல் தூள் வந்தால் கவலை இல்லை. விரலில் நெருடும் துணுக்கோ, வளைந்த கம்பித் துண்டோ வந்தால் வண்டியை ஓட்டாமல் இங்கே படத்தைப் போடுங்கள், கம்பித் துண்டு என்றால் சர்க்ளிப் உடைந்தது என்று அர்த்தம்.